நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்? உங்கள் புரொஃபைல் சொல்லவில்லையே!

2025 ஜூலை இறுதியில் டிசிஎஸ் நிறுவனம் தன் ஊழியர்களில் 2 சதவிகிதம் பேரை, அதாவது சுமார் 12,000 பேரை, குறைக்கப் போவதாக அறிவித்தது. அடி விழப்போவது பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலைகளில் இருப்பவர்களுக்கு என்றும் சேர்த்தே சொன்னது. வேலை போகும் என்ற பயம் ஐ.டி துறைக்குப் புதிதல்ல. ஆனால், பதினெட்டு வருடம் ஒரே கம்பெனியில் இருந்து, வீட்டுக் கடனைப் பாதி கட்டி, மூத்த பிள்ளையை ப்ளஸ் ஒன் சேர்த்திருக்கும் ஒருவருக்கு அந்தச் செய்தி வேறு மாதிரிதான் கேட்கும். வீட்டில் எல்லோரும் தூங்கியபிறகு, மறந்துபோன பாஸ்வேர்டை மீட்டு, லிங்க்ட்இன் கணக்கைத் திறந்து பார்ப்பார். கல்லூரி முடித்த புதிதில் ஆரம்பித்த கணக்கு. போட்டோவில் மீசை சரியாக முளைத்திருக்காது. பதவிப் பெயரை மட்டும் எப்போதோ மாற்றியிருப்பார். கம்பெனி பெயர், சேர்ந்த மாதம், படித்த கல்லூரி. அவ்வளவுதான்.

ஒரு வங்கியின் பழைய மென்பொருளைப் புதியதுக்கு மாற்றிக்கொடுத்த இரண்டு வருடமும் அவர் தீபாவளிக்கு வீட்டில் இல்லை என்பது அவர் மனைவிக்குத் தெரியும். புரொஃபைலுக்குத் தெரியாது.

நம்மவர்கள் பலருடைய புரொஃபைலில் இதுதான் கோளாறு. பதவி இருக்கும், வேலை இருக்காது. போட்டோ, பேனர், தினம் ஒரு போஸ்ட் என்று ஆயிரம் யோசனைகளை அள்ளி வீசுகிறவர்கள் இதைக் கடைசியில் சொல்கிறார்கள், அல்லது சொல்வதே இல்லை. நாம் இதிலிருந்தே ஆரம்பிப்போம்.

ஒரு சின்னப் பின்னணி. லிங்க்ட்இன் தொடங்கியது 2003 மே மாதம். 2016-ல் மைக்ரோசாஃப்ட் அதை 26.2 பில்லியன் டாலருக்கு வாங்கியது. 2023-ல் உலகம் முழுக்க உறுப்பினர் எண்ணிக்கை 100 கோடியைத் தாண்டியது. அமெரிக்காவுக்கு அடுத்தபடி அதிகம் பேர் இருப்பது இந்தியாவில்தான். நம் ஊர் வேலைவாய்ப்புத் தளமான நௌக்ரி இதற்கும் மூத்தது, 1997-ல் வந்தது. அதற்கும் முன், நம் அப்பாக்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தால் சீனியாரிட்டி போய்விடும் என்று தேதியை டைரியில் குறித்துவைத்தார்கள். வராத வேலைக்கே அவ்வளவு அக்கறை!

அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்

புரொஃபைல் எழுதுவதற்கு முன் அதைப் படிக்கப்போகிறவர் யார் என்று பார்த்துவிடலாம்.

கிண்டியிலோ பெருங்குடியிலோ ஒரு ரெக்ரூட்டர். பெரும்பாலும் வயதில் உங்களைவிடச் சின்னவர். அவர் கையில் ஒரே நேரத்தில் பல ‘பொசிஷன்’கள் இருக்கும். காலையில் ஒரு ஜாவா ஆள், மதியம் ஒரு ஜிஎஸ்டி தெரிந்த அக்கவுன்டன்ட், சாயங்காலத்துக்குள் ஒரு குவாலிட்டி இன்ஜினீயர். உங்கள் துறை அவருக்கு ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மேனேஜர் அனுப்பிய ஜேடியில், அதாவது வேலை விவரக் குறிப்பில், இருக்கும் வார்த்தைகளை எடுத்து, தேடல் பெட்டியில் போடுகிறார். இது இருக்க வேண்டும், இதுவோ அதுவோ ஒன்று இருக்க வேண்டும், இது இருக்கக் கூடாது என்று வார்த்தைகளைக் கோத்துத் தேடுவது அவர்களின் அன்றாடக் கைவேலை. பிறகு வடிகட்டிகள்: ஊர், அனுபவ ஆண்டுகள், இப்போதைய கம்பெனி. நௌக்ரி என்றால் இப்போதைய சம்பளமும் நோட்டீஸ் பீரியடும் சேரும். 90 நாள் நோட்டீஸ் என்றால் வரிசையில் பின்னால் தள்ளப்படுவதும், ‘சர்வீஸிங் நோட்டீஸ்’ என்று போட்டிருப்பவருக்குப் போன் மேல் போன் வருவதும் இதனால்தான்.

ஆக, முதல் வாசகர் ஒரு இயந்திரம். ரெக்ரூட்டர் தேடிய வார்த்தை உங்கள் பக்கத்தில் இல்லையென்றால் நீங்கள் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அந்தப் பட்டியலில் இடமில்லை. இரண்டாவது வாசகர் களைத்துப்போன ஒரு மனிதர். பட்டியலில் அவருக்குத் தெரிவது ஒரு சின்ன போட்டோ, பெயர், அதன் கீழே ஒரு வரி, இப்போதைய கம்பெனி, ஊர். திறந்து பார்ப்பதா, கீழே நகர்வதா என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைவாய்ப்புத் தளம் 2018-ல் ரெக்ரூட்டர்களின் கண் அசைவை அளந்து பார்த்தது. ஒரு ரெஸ்யூமேவை முதல் தடவை பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டது சராசரியாக 7.4 விநாடி. அது ரெஸ்யூமேவுக்கு. தேடல் பட்டியலில் வரும் ஒரு பெயருக்கு அவ்வளவு நேரம்கூடக் கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.

பெயருக்குக் கீழே வரும் அந்த ஒரு வரியைத்தான் ஹெட்லைன் என்கிறார்கள். அதற்கு 220 எழுத்து இடம் இருக்கிறது. நீங்கள் ஒன்றும் எழுதாவிட்டால் லிங்க்ட்இன் தானாகவே பதவியையும் கம்பெனியையும் போட்டு நிரப்பிவிடும். பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். ‘அசிஸ்டென்ட் மேனேஜர்’ என்பது ஒரு வங்கியில் ஒரு வேலை, ஓட்டலில் வேறு வேலை, டயர் தொழிற்சாலையில் முற்றிலும் வேறு. அதைப் பார்த்து ரெக்ரூட்டர் என்ன முடிவுக்கு வருவார்?

இன்னொரு கூட்டம் எதிர்த்திசையில் போகிறது. ‘கனவுகளைத் துரத்துபவன்’, ‘மாற்றத்தின் தூதர்’, ‘ஆர்வமிக்க, முடிவுகளை நோக்கிய தலைவர்’. 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்த நோய் இன்னும் பரவிவிட்டது. எல்லோருடைய புரொஃபைலையும் ஒரே ஆள் எழுதிக்கொடுத்தமாதிரி இருக்கிறது. ‘முடிவுகளை நோக்கிய தலைவர்’ என்று எந்த ரெக்ரூட்டரும் தேடல் பெட்டியில் போடுவதில்லை.

டீக்கடையில் சொன்னதை எழுதுங்கள்

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம், கார் கம்பெனிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்துகொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடமாகக் குவாலிட்டி பிரிவில் இருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் புரொஃபைலில் இருக்கும் வாக்கியம் இது: ‘தரம் தொடர்பான செயல்பாடுகளுக்கும் வாடிக்கையாளர் புகார்களைக் கையாள்வதற்கும் பொறுப்பு.’ அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருந்து அப்படியே எடுத்து ஒட்டியது. அதே வாக்கியத்தை ஒரகடம், மறைமலை நகர், ஓசூர் எங்கிலும் உள்ள குவாலிட்டி இன்ஜினீயர்கள் அத்தனை பேரும் ஒட்டியிருக்கிறார்கள்.

இதே ஆள், வங்கியில் வேலை பார்க்கும் பள்ளிக்கூட நண்பனுடன் டீக்கடையில் நிற்கிறார்.

“குவாலிட்டி குவாலிட்டின்றியே, காலைல போய் என்னதான்டா பண்ணுவ?”

“கஸ்டமர்கிட்ட இருந்து கம்ப்ளெய்ன்ட் வரும் மச்சான். துளை சைஸ் அவுட்டுன்னு பீஸைத் திருப்பி அனுப்பிடுவான்.”

“நீ என்ன பண்ணுவ?”

“முன்னாடியெல்லாம் நூறு பீஸை மறுபடி செக் பண்ணி அனுப்பிட்டு விட்டுருவோம். போன வருஷம் நான் மூணு வாரம் உக்காந்து ஷிப்ட் வாரியா அளவை எழுதிப் பாத்தேன். ஷிப்ட் ஆரம்பத்துல துளை சரியா இருக்கு, போகப் போகச் சின்னதாகுது. டூல் தேயுது. அறுநூறு பீஸுக்கு ஒருதரம் மாத்திட்டிருந்தாங்க. நானூறுக்கே மாத்தச் சொன்னேன். புரொடக்ஷன்காரன் சண்டைக்கு வந்தான், செலவாகும்னு. திரும்பி வர்ற பீஸோட செலவைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்புறம் அந்தக் கம்ப்ளெய்ன்ட்டே வரலை.”

இதுதான் புரொஃபைல். டீ ஆறுவதற்குள் அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். எழுத உட்கார்ந்தால் மட்டும் ‘செயல்பாடுகளுக்குப் பொறுப்பு’ என்று கை போய்விடுகிறது.

இதைச் செதுக்கினால் அனுபவப் பகுதியில் மூன்று வரி வரும். பிரேக் பாகங்களில் துளை அளவு விலகல் குறித்துத் தொடர்ந்து வந்த வாடிக்கையாளர் புகாரை விசாரித்தது, ஷிப்ட் வாரியான அளவுகளைக்கொண்டு டூல் தேய்மானமே காரணம் என்று நிறுவியது, மாற்றும் இடைவெளியை 600-லிருந்து 400 பீஸாகக் குறைக்க உற்பத்திப் பிரிவைச் சம்மதிக்க வைத்தது, அதன்பின் அந்தப் புகார் நின்றது. நான்கு கால் பாய்ச்சல் ஆங்கிலம் தேவையில்லை. எட்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் எழுதினாலே அந்தத் துறை மேனேஜர் நிமிர்ந்து உட்காருவார், ஏனென்றால் அவர் ஆலையிலும் அதே துளைதான் தொல்லை கொடுத்துக்கொண்டிருக்கும்.

ஹெட்லைனும் இதிலிருந்தே வருகிறது: குவாலிட்டி இன்ஜினீயர், ஆட்டோமொபைல் உதிரிபாகங்கள், பிபிஏபி, 8டி, எஸ்பிசி, சிஎம்எம், ஐஏடிஎஃப் 16949 உள் தணிக்கை. வெளியாளுக்குப் புரியாத எழுத்துகளாக இருக்கலாம். ரெக்ரூட்டர் தேடல் பெட்டியில் போடுவது இவற்றைத்தான். ஒரு காரியம் செய்யலாம். உங்களுக்குப் பிடித்த வேலைக்கான பத்து விளம்பரங்களை எடுத்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களை அடிக்கோடிடுங்கள். அவற்றில் உண்மையிலேயே உங்களுக்குத் தெரிந்தவை மட்டும் உங்கள் புரொஃபைலில் இருக்க வேண்டும், விளம்பரத்தில் இருக்கும் அதே வடிவத்தில். திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருப்பவர் ‘பையர் ஃபாலோ-அப்’ என்று எழுதிவிட்டு விட்டுவிடுகிறார். டெக் பேக், லேப் டிப், ஜிஓடிஎஸ் சான்று, எந்த நாட்டு பையர்கள், எத்தனை ஸ்டைல் என்று அவர் தினமும் பேசுகிற பேச்சு புரொஃபைலில் ஒரு சொல்கூட இல்லை.

இன்னொரு தடை நம் பேச்சிலேயே இருக்கிறது. ‘பண்ணிட்டோம் சார்’, ‘முடிச்சிட்டோம் சார்’. நான் என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம். ரிவ்யூ மீட்டிங்கில் அந்தப் பண்பு அழகுதான். புரொஃபைலில் அது உங்களைக் காணாமல் அடித்துவிடும். இருபது பேர் டீமில் நீங்கள் செய்த பகுதி எது என்று சொல்வது தற்பெருமை ஆகாது. பெருமை வேறு, கணக்கு வேறு. டூல் இடைவெளியைக் கண்டுபிடித்தவர் அதை எழுதாமல் விட்டால் அந்த இடம் காலியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அவருடைய மேனேஜர் அதைத் தன் புரொஃபைலில் எழுதிவைத்திருப்பார்.

ஒரே எச்சரிக்கை, எண்கள் போடும்போது. உங்கள் உழைப்பின் எண்கள் வேறு, கம்பெனியின் ரகசிய எண்கள் வேறு. வாடிக்கையாளர் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தால் ‘முன்னணி கார் தயாரிப்பாளர்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எஸ்.கார்த்திக்கைக் கண்டுபிடிப்பது எப்படி?

பெயர் விஷயத்தில் நமக்கு ஒரு சிக்கல். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. சாதிப் பின்னொட்டை உதறி, அப்பா பெயரின் முதல் எழுத்தோடு நடமாடுகிறோம். நல்ல விஷயம். ஆனால், லிங்க்ட்இன் கேட்பது முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி. ஒருவர் கார்த்திக் எஸ், இன்னொருவர் எஸ் கார்த்திக், மூன்றாமவர் கார்த்திக் சுப்பிரமணியன். மூன்றும் ஒரே ஆளாகவும் இருக்கலாம். பத்து வருடம் முன் உங்களோடு வேலை பார்த்தவர் இன்று நல்ல இடத்தில் இருந்துகொண்டு, ‘அந்தப் பையனைக் கூப்பிடலாமே’ என்று தேடினால், நூற்றுக்கணக்கான கார்த்திக்குகள் வந்து நிற்பார்கள்.

என்னைக் கேட்டால், பாஸ்போர்ட்டிலும் பி.எஃப் கணக்கிலும் இருக்கும் வடிவத்தையே இங்கும் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் ஆவணச் சரிபார்ப்பில் தலைவலி குறையும். இனிஷியலை விரித்து எழுத முடிந்தால் இன்னும் உத்தமம். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிய பெண்கள் பழைய பெயரையும் கூடுதல் பெயராகச் சேர்த்துவைக்க இடமிருக்கிறது. கல்லூரித் தோழி அந்தப் பெயரில்தான் தேடுவாள். லிங்க்ட்இன் கொடுக்கும் முகவரியின் வாலில் இருக்கும் எண் குப்பையை நீக்கிவிட்டு உங்கள் பெயர் வரும்படி மாற்றிக்கொள்ளலாம், செலவில்லை. போன் ஆப்பில் உங்கள் பெயரை உங்கள் குரலிலேயே பத்து விநாடிக்குள் பதிந்துவைக்கவும் வழி உண்டு. ஏழுமலைகளும் யாழினிகளும் இதைத் தவறவிடக் கூடாது.

போட்டோ பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கல்யாண ரிசப்ஷனில் பக்கத்து ஆளின் தோளை வெட்டிவிட்டு எடுத்த படம் வேண்டாம். ஸ்டூடியோ நீலத் திரைப் படமும் வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில், இன்றைய முகம் தெரிகிற மாதிரி ஒன்று போதும். இன்டர்வியூவுக்கு வரும் ஆளும் படத்தில் இருக்கும் ஆளும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை.

பாராட்டு கேட்கக் கூச்சமா?

திறமைகளுக்கு நேரே எண்ணிக்கை காட்டும் ‘என்டார்ஸ்மென்ட்’ 2012-ல் வந்தது. ஒரு தட்டு தட்டினால் போதும் என்பதால், உங்கள் சித்தப்பா பையன்கூட உங்கள் ஜாவா அறிவுக்குச் சான்று கொடுத்துவிடலாம். அதனால் அதற்கு மதிப்பு குறைவு. மதிப்புள்ளது, ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொடுக்கும் பரிந்துரை. நம்மவர்கள் இதைக் கேட்கவே கூசுவார்கள். கேட்பவர்களும் ‘சார், ஒரு ரெகமெண்டேஷன் ப்ளீஸ்’ என்று மொட்டையாகக் கேட்பார்கள். அவரும் ‘கடின உழைப்பாளி, நல்ல மனிதர்’ என்று எழுதிக் கடமையை முடித்துவிடுவார். நடத்தைச் சான்றிதழில் பள்ளித் தலைமை ஆசிரியர் எழுதுவாரே, அதே வாசகம்.

“சார், அந்த 2021 ஆடிட்ல நாம ரெண்டு பேரும் ராத்திரி தங்கி ரெக்கார்ட்ஸ் சரிபண்ணோமே, அதைப் பத்தி ரெண்டு வரி எழுதித் தர முடியுமா?” என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கு எழுத விஷயம் கிடைக்கிறது, உங்களுக்குச் சாட்சி கிடைக்கிறது. மேலதிகாரிதான் எழுத வேண்டும் என்றில்லை. நீங்கள் தொழில் கற்றுக்கொடுத்த ஜூனியர் எழுதினால், நீங்கள் ஆட்களை வளர்ப்பவர் என்று டீம் லீட் தேடும் கம்பெனிக்குப் புரிந்துவிடும்.

தூரத்து அறிமுகம்தான் உதவும்

1973-ல் மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரத்தில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் ‘சொன்னவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?’ என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவிகிதம். எப்போதாவது என்றவர்கள் 55.6. அரிதாக என்றவர்கள் 27.8. உயிர் நண்பனைவிட, எப்போதோ பழகியவரே வேலைக்கு வழிகாட்டியிருக்கிறார். காரணம் எளிது. உங்கள் நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி உங்களுக்கும் தெரிந்திருக்கும். வேறு உலகத்தில் புழங்குகிறவரிடம்தான் புதுச் செய்தி இருக்கும்.

ஐம்பது வருடம் கழித்து இதை லிங்க்ட்இன்னிலேயே சோதித்துப் பார்த்தார்கள். 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, ஐந்து ஆண்டுகளில் 2 கோடி பேருக்கு ‘இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்’ என்று காட்டும் பட்டியலைக் கொஞ்சம் மாற்றி மாற்றிக் காட்டி, யாருக்கு வேலை மாறுகிறது என்று கவனித்தது. ரொம்ப நெருக்கமும் இல்லாத, முற்றிலும் அந்நியமும் இல்லாத, ஏறக்குறைய பத்துப் பொது நண்பர்கள் இருக்கும் இடைப்பட்ட அறிமுகங்களே அதிகம் உதவின. தங்களை வைத்துச் சோதனை நடக்கிறது என்று அந்த 2 கோடி பேருக்கும் சொல்லவில்லை என்று பிறகு விமர்சனமும் எழுந்தது. நியாயமான விமர்சனம்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது: முன்பின் தெரியாத ஐயாயிரம் பேருக்கு அழைப்பு அனுப்பி ஆள் சேர்ப்பது வீண். பழைய கம்பெனியில் பக்கத்து டீமில் இருந்தவர், கல்லூரியில் இரண்டு வருடம் சீனியர், டிரெய்னிங்கில் ஒரு வாரம் கூட இருந்தவர், இவர்களைத் தேடிப் பிடியுங்கள். அழைப்போடு இரண்டு வரி எழுதுங்கள், எங்கே பழக்கம் என்று நினைவுபடுத்தி. வேலை கேட்காதீர்கள். ரெஃபரலுக்கு போனஸ் தரும் கம்பெனிகள் நிறைய உண்டு. நீங்கள் என்ன வேலையில் இருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்தாலே, இடம் காலியாகும்போது அவரே கூப்பிடுவார்.

தினம் போஸ்ட் போட வேண்டுமா? வேண்டாம். ‘இன்று காலை ஆட்டோ ஓட்டுநர் எனக்குத் தலைமைப் பண்பைக் கற்றுக்கொடுத்தார்’ என்று ஆரம்பிக்கும் கதைகள் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கின்றன. உங்கள் துறையில் யாராவது கேட்ட கேள்விக்குத் தெரிந்த பதிலைத் தெளிவாக எழுதினால் அதுவே போதுமான விளம்பரம்.

“பேப்பர் போடப் போறியா?”

புரொஃபைலில் கை வைக்கப் பலரும் தயங்குவது இதனால்தான். நீங்கள் போட்டோ மாற்றிய மறுநாள் கேன்டீனில் யாராவது கண்ணடித்துக் கேட்பார்கள், “என்ன, பேப்பர் போடப் போறியா?” பயம் நியாயமானது, வழியும் இருக்கிறது. மாற்றங்களைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு அறிவிக்கும் வசதியை முதலில் அணைத்துவிட்டு எழுத ஆரம்பியுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாமல் வாரத்துக்கு ஒரு பகுதி என்று போங்கள். வேலை தேடாதபோதே செய்துவைத்தால் யாரும் சந்தேகப்படப் போவதில்லை.

‘வேலைக்குத் தயார்’ என்று காட்டுவதில் இரண்டு வகை. படத்தைச் சுற்றி வரும் பச்சை வளையம் ஊருக்கே தெரியும். ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வைப்பது இன்னொன்று. இரண்டாவதில் உங்கள் கம்பெனி ரெக்ரூட்டர்களுக்குக் காட்டாமல் இருக்க லிங்க்ட்இன் முயலும். ஆனால், முழு ரகசியத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். வேலை போய்விட்டது என்றால் பச்சை வளையத்துக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலையில் இருந்துகொண்டே தேடுகிறவர் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. இன்னொன்று, அடுத்தவர் புரொஃபைலைப் போய்ப் பார்த்தால் உங்கள் பெயர் அவருக்குத் தெரியும். மேனேஜரின் பக்கத்தை ராத்திரி இரண்டு மணிக்கு எட்டிப் பார்ப்பவர்கள் முதலில் தனிப்பட்ட பார்வை முறைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

நௌக்ரியில் நிலைமை நேர்மாறு. அங்கே அண்மையில் புதுப்பித்தவர்களை முன்னால் கொண்டுவந்து பார்ப்பது ரெக்ரூட்டர்களின் வழக்கம். ஆறு மாதமாகத் தொடாத ரெஸ்யூமே அடியில் போய்விடும். தேடும் காலத்தில் வாரம் ஒருமுறையாவது திறந்து, ஒரு வரியையாவது திருத்துங்கள்.

பொய் எங்கே பிடிபடும்?

இரண்டு வருட அனுபவத்தை நான்காக்கிக் காட்டுவதற்குச் சான்றிதழ் அச்சடித்துத் தரும் ‘கன்சல்டன்சி’கள் இருக்கின்றன என்பது ஊரறிந்த ரகசியம். ஆனால், 2014-ல் பி.எஃப்-க்கு யுஏஎன் எண் வந்த பிறகு ஆட்டம் மாறிவிட்டது. எந்தக் கம்பெனியில் எந்த மாதம் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்ற வரலாறு ஒரே எண்ணின் கீழ் நிற்கிறது. பின்னணிச் சரிபார்ப்பு ஏஜென்சிகள் முதலில் கேட்பது அதைத்தான். லிங்க்ட்இன்னில் ஒரு தேதி, ரெஸ்யூமேவில் ஒரு தேதி, பி.எஃப்-ல் ஒரு தேதி என்று இருந்தால், நீங்கள் யோக்கியராகவே இருந்தாலும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்து, பழைய வேலையை விட்ட பிறகு இது நடந்தால் நடுத்தெருதான். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்ப்பவர்களும் கவனிக்க: போட்டிக் கம்பெனிகளுக்கும் வேலை பார்த்ததாகச் சொல்லி 300 பேரை நீக்கியதாக விப்ரோ 2022-ல் அறிவித்தது.

இடைவெளியை மறைக்கத்தான் பலர் தேதியை நீட்டுகிறார்கள். அதற்குத் தேவையில்லை. குழந்தை வளர்ப்பு, பெற்றோரைக் கவனித்தல், உடல்நலம், ஆட்குறைப்பு என்று காரணத்தோடு இடைவெளியைக் குறிப்பிட 2022-லிருந்து லிங்க்ட்இன்னிலேயே தனி இடம் இருக்கிறது. ‘2019 முதல் 2022 வரை, முழுநேரக் குழந்தை வளர்ப்பு, இதற்கிடையே டேலி பிரைம் பயிற்சி முடித்தேன், அண்ணன் கடையின் ஜிஎஸ்டி ரிட்டர்ன் நான்தான் தாக்கல் செய்தேன்’ என்று ஒரு பெண் எழுதினால் அது ஓட்டை விழுந்த புரொஃபைல் ஆகாது. அந்த ரிட்டர்ன் வேலைக்கு அண்ணன் சம்பளம் கொடுத்தாரா என்பது வேறு கதை.

முதல் செய்தி வந்தால்

இவ்வளவும் செய்தால் என்றைக்காவது ஒரு செய்தி வரும். வேலை வாங்கித் தருகிறேன் என்று வரும் எல்லாச் செய்தியும் நல்ல செய்தி அல்ல. தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, கைநிறையச் சம்பளம் என்று சமூக ஊடக விளம்பரங்களை நம்பிப் போனவர்கள் மியான்மருக்குக் கடத்தப்பட்டு, ஆன்லைன் மோசடிக் கூடாரங்களில் அடைக்கப்பட்டார்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவுத் துறை எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. அங்கிருந்து மீட்டுக்கொண்டு வரப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். குறிவைக்கப்பட்டவர்கள் ஐ.டி தெரிந்த பிள்ளைகள்தான்.

வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட்டும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். உள்ளூர் வேலையென்றால், லேப்டாப்புக்கு டெபாசிட், பயிற்சிக்குக் கட்டணம் என்று பணம் கேட்ட அந்த நொடியே பேச்சை நிறுத்திவிடலாம். ஆதார் நகலையும் பேங்க் விவரத்தையும் முதல் செய்தியிலேயே கேட்பவருக்கும் அதே பதில்தான். புரொஃபைலில் செல்போன் எண்ணையும் பிறந்த தேதியையும் எல்லோருக்கும் தெரியும்படி வைக்காதீர்கள். ரெக்ரூட்டருக்குச் செய்திப் பெட்டி போதும்.

செய்தி உண்மையானதாகத் தோன்றினால் உடனே ரெஸ்யூமேவை அனுப்பிவிடாமல் நான்கு விஷயம் கேளுங்கள்: எந்தக் கம்பெனி, எந்த ஊர், ஜேடி கிடைக்குமா, பட்ஜெட் என்ன. கம்பெனி பெயர் தெரியாமல் ரெஸ்யூமே போனால், மூன்று கன்சல்டன்சிகள் ஒரே இடத்துக்கு உங்களை அனுப்பிவைத்து, மூன்றுமே நிராகரிக்கப்படும் ஆபத்து உண்டு. சம்பளத்தைக் கேட்கத் தயங்குகிறவர்கள் பிறகு ஐந்து ரவுண்டு இன்டர்வியூ முடித்துவிட்டு, இப்போது வாங்குவதையே கொடுக்கிறார்கள் என்று தெரிந்து நொந்துபோகிறார்கள்.

வேலை மாறும் எண்ணமே இல்லையா? அப்போதும் பதில் போடுங்கள். ‘இப்போதைக்கு மாறுவதாக இல்லை. என்னோடு முன்பு சிஎம்எம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஓசூரில் இருக்கிறார், அவரிடம் கேட்டுவிட்டு நம்பர் தரட்டுமா?’ என்று இரண்டு வரி. அந்த ரெக்ரூட்டர் அடுத்த வருடம் வேறு கம்பெனியில் இருப்பார், வேறு பொசிஷனுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார். அவருடைய செய்திப் பெட்டியில் உங்கள் பெயர் ஏற்கெனவே இருக்கும்.